மாமியாரின் நாற்காலி, மகனின் டி.வி., நடுவில் ஒரு கணப்பு

குன்னூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். கூடவே அறையின் வரைபடம் ஒன்று, கோடு போட்ட நோட்டுத் தாளில், டேப் பிடித்து அளந்து, அடி அங்குலத்தோடு. அளவோடு வரும் கடிதம் அபூர்வம். அதனாலேயே விரிவாகப் பதில் எழுதுகிறேன். பெயரையும் வீட்டு அடையாளத்தையும் எடுத்துவிட்டுக் கடிதத்தின் சுருக்கம் இதோ:

வெள்ளைக்காரர் காலத்து வீடு. மாமனார் 1978-ல் வாங்கியது. இப்போது கணவர் பெயரிலும் பெங்களூரில் இருக்கும் அவருடைய அண்ணன் பெயரிலும் சரிபாதியாக இருக்கிறது. ஹால் 18 அடி நீளம், 14 அடி அகலம். கிழக்குச் சுவரின் நடுவில் கணப்பு. (மலையில் எல்லோரும் ஃபயர்பிளேஸ் என்றுதான் சொல்வார்கள்; கணப்பு என்ற சொல்லை விட மனமில்லாததால் நான் அப்படியே எழுதுகிறேன்.) சிம்னிச் சுவர் 6 அடி அகலத்தில் ஒன்றரை அடி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதற்கு இரண்டு பக்கமும் ஆறாறு அடிக்குக் குழிவு. கணப்பின் வாய் மூன்றுக்கு மூன்று. அதன் மேலே நாலரை அடி உயரத்தில் கருங்கல் பலகை. தெற்கே தேயிலைத் தோட்டத்தைப் பார்த்த பெரிய ஜன்னல், மேற்கே வராந்தாக் கதவு, வடக்கே சாப்பாட்டு அறைக்குப் போகும் வழி.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு 65 அங்குல டி.வி. வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கல் பலகைக்கு மேலே மாட்ட வேண்டும் என்பது கணவரின் ஆசை. "ஹோட்டலில் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது" என்கிறாராம். ஆசாரி, ஆறு அங்குல போல்ட் நாலு போட்டால் யானையையே தொங்கவிடலாம் என்கிறார். உயரம் அதிகம் என்றால் கல் பலகையைப் பெயர்த்துவிட்டு டி.வி.யை இறக்கிவிடலாம் என்பது கொத்தனாரின் யோசனை. வாஸ்து பார்த்தவர், டி.வி. அக்னி சம்பந்தப்பட்டது, தென்கிழக்கு மூலையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 82 வயது மாமியாருக்குக் கழுத்துத் தேய்மானம். கணப்பிலிருந்து 6 அடி தள்ளி ஒரு கை வைத்த நாற்காலி, அதுதான் அவருடைய இடம், நாற்பது வருடமாக. "நான் யார் பக்கம் பேசுவது, எந்தச் சுவரில் மாட்டுவது?" என்று கேட்கிறார் வாசகி.

இனி அவருக்கு.

அன்புள்ள சகோதரிக்கு,

கோவையில் இருந்துகொண்டு இருபது வருடத்துக்கு மேலாக நீலகிரியில் பழைய வீடுகளைச் செப்பனிட்டு வருகிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், கேட்காத ஒன்றைப் பேசியாக வேண்டும். மூன்றாம் பக்கத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "இப்போதெல்லாம் கணப்பு புகைகிறது, அதனால் ராத்திரியில் அம்மாவுக்குக் கரிச்சட்டி வைத்துக் கொடுக்கிறோம். டி.வி. மேலே வந்துவிட்டால் கணப்பையே மூடிவிட்டுக் கரிச்சட்டியோடு இருந்துவிடலாம் என்று இவர் சொல்கிறார்."

டி.வி.யை எங்கே வேண்டுமானாலும் மாட்டுங்கள். கரிச்சட்டியை இன்று ராத்திரியே வெளியே எடுத்து வையுங்கள்.

கணகணவென்று கனியும் கரியில் புகை தெரிவதில்லை. அதனால்தான் அது பாதுகாப்பானது என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறு. விறகு எரியும்போது வரும் புகை கண்ணைக் கரித்து நம்மை எழுப்பிவிடும். கரித்தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு அசதி. குளிருக்குப் போர்த்திப் படுத்தவருக்கு அது தூக்கம் மாதிரியே இருக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா வந்தவர்கள் சுட்டுச் சாப்பிட்ட கரி அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்துக் கதவைச் சாத்திப் படுத்து, காலையில் எழுந்திருக்காமலே போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். மாமியார் காலையில் தலை கனக்கிறது என்று சொல்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் கழுத்துத் தேய்மானத்தின் மேல் பழியைப் போடாமல் டாக்டரிடம் கரிச்சட்டி விஷயத்தைச் சொல்லுங்கள். என்றைக்காவது தணல் இருக்கும் அறையில் ஒருவர் மயங்கிக் கிடந்தால், முதலில் ஜன்னல் கதவைத் திறந்து அவரை வெளியே கொண்டுவந்துவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்தும் அலாரம் பேட்டரியில் ஓடுவதாக ஆன்லைனில் கிடைக்கிறது. மகன் பொங்கலுக்கு வாங்கித் தர வேண்டிய முதல் சாமான் அதுதான்.

சரி, டி.வி.க்கு வருவோம்.

சூடெல்லாம் சிம்னி வழியாகப் போய்விடுமா?

"நெருப்பு கீழே இருக்கிறது, சூடு சிம்னியில் போய்விடும், மேலே சுவர் சில்லென்றுதான் இருக்கிறது" என்று கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கை வைத்துப் பார்த்தது கணப்பு எரியாத நேரத்திலோ, பற்றவைத்த கால் மணி நேரத்திலோ இருக்கும். கனமான செங்கல் சுவர் மெதுவாகத்தான் சூடேறும். ஏறிவிட்டால் மெதுவாகத்தான் ஆறும். அதற்கும் மேல், வாயிலிருந்து அறைக்குள் வரும் வெந்த காற்று நேராக மேலே எழுந்து, கல் பலகையைச் சுற்றிக்கொண்டு, நீங்கள் டி.வி. மாட்ட நினைக்கும் அதே இடத்தைத் தடவிக்கொண்டுதான் போகும். பலகை 8 அங்குலம் நீட்டிக்கொண்டிருப்பது நல்லது, கொஞ்சம் தடுக்கும். முழுக்கத் தடுக்கும் என்பது தப்புக் கணக்கு.

ஊகிக்க வேண்டாம், அளந்து விடலாம். ஒரு சாதாரண அறை வெப்பமானியை டி.வி.யின் அடிப்பக்கம் வரப்போகும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 5 அடியில், செல்லோடேப்பால் ஒட்டுங்கள். வழக்கமாக எரிப்பதுபோல மூன்று மணி நேரம் எரியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதுங்கள். பெரும்பாலான டி.வி.க்களின் கையேட்டில் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் இயக்கலாம் என்று போட்டிருக்கும். அது டி.வி.யைச் சுற்றியிருக்கும் காற்றின் சூடு, ஓடும்போது டி.வி. தனக்குள்ளே உண்டாக்கும் சூடு தனி. வெப்பமானி 35-ஐத் தாண்டினாலே நான் அங்கே மாட்ட மாட்டேன்.

ஆனால் உங்கள் வீட்டில் வெப்பமானி இல்லாமலே ஒரு சாட்சி இருக்கிறது. அந்தச் சுவர் மட்டும் கறுத்துப்போவதால் வருடா வருடம் வெள்ளையடிக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சொல்கிறேன். பெயின்ட் மேல் படியும் அந்தக் கரித்தூள் டி.வி.யின் முதுகிலுள்ள காற்றுத் துளைகள் வழியாக உள்ளே போய் போர்டில் உட்காரும். கரி மின்சாரத்தைக் கடத்தும். மழைக்காலத்து ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வாரன்டி இருக்கிறது என்று மகன் சொல்கிறாராம். வெப்பத்துக்கும் புகைக்கும் பக்கத்தில் வைக்காதே என்று கையேட்டிலேயே எழுதிவிட்டுத்தான் கம்பெனிக்காரர்கள் வாரன்டி தருகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை மகனைப் படிக்கச் சொல்லுங்கள்.

கழுத்துக் கணக்கு

சோபாவில் உட்கார்ந்தால் நம் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் இருக்கும். 65 அங்குல டி.வி.யின் உயரம் 2 அடி 8 அங்குலம். கல் பலகை நாலரை அடி, அதற்கு மேல் அரை அடி இடைவெளி விட்டால் டி.வி.யின் நடு 6 அடி 4 அங்குலத்துக்குப் போய்விடும். மேல் விளிம்பு 7 அடி 8 அங்குலம். 10 அடி தள்ளியிருக்கும் சோபாவிலிருந்து பார்த்தால் திரையின் நடுவுக்கே 16 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். கணவரும் மகனும் ஒரு மேட்ச்சைத் தாங்கிவிடுவார்கள். 6 அடியில் உட்கார்ந்திருக்கும் மாமியாருக்கு அதே நடு 25 டிகிரி, மேல் விளிம்பு 35 டிகிரி. 15-க்கு மேல் போனால் கண் மட்டும் உயராது, தலையும் பின்னால் சாயும் என்பது என் தொழில் கணக்கு. கழுத்து எலும்பு தேய்ந்தவர் தலையைப் பின்னால் சாய்த்தபடி இரண்டு சீரியல் பார்ப்பதை எந்த எலும்பு டாக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கீழ்நோக்கிச் சாய்க்கும் பிராக்கெட் போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது திரையைத்தான் சாய்க்கும். நிறம் வெளிறாமல் தெரியும், விளக்கு பிரதிபலிப்பதும் குறையும். கழுத்து சாயும் கோணம் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் டி.வி. இருக்கும் உயரம் மாறவில்லை. கையால் இழுத்தால் முன்னால் வந்து கீழே இறங்கும் பிராக்கெட்டும் இப்போது உண்டு. நல்ல பொருள்தான், ஆனால் இறங்கிய டி.வி. கணப்பின் வாய்க்கு நேர் எதிரே வந்து நிற்கும். நெருப்பை அணைத்துவிட்டு டி.வி., டி.வி.யை ஏற்றிவிட்டு நெருப்பு என்று வாழ முடியுமா? டிசம்பர் ராத்திரியில் இரண்டும் ஒன்றாகத்தான் வேண்டியிருக்கும்.

சினிமாவிலும் ஹோட்டலிலும் கணப்புக்கு மேலே டி.வி. இருக்கிறதே என்றால், அவற்றில் நிறைய இடங்களில் கணப்பு என்பது மின்சார பல்பு காட்டும் பொம்மை நெருப்பு. அல்லது அறை உங்களுடையதைப்போல இரண்டு மடங்கு. ஹோட்டலில் யாரும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து டி.வி. பார்ப்பதும் இல்லை.

ஆறு அங்குல போல்ட்

ஆசாரி மேல் எனக்குக் கோபமில்லை, அவர் சுவரைச் சுவராகப் பார்க்கிறார். கணப்புக்கு மேலே இருப்பது சுவர் மாதிரி தெரியும் ஒரு குழாய். நான் பிரித்துப் பார்த்த பழைய மலை வீடுகளில் பலவற்றில் புகைவழிக்கு முன்னால் இருந்தது நாலரை அங்குலம், ஒரு செங்கல் குறுக்களவு. அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. உள்ளே மண்குழாய் உறையெல்லாம் கிடையாது, வெறும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். ஆறு அங்குல போல்ட் அடித்தால் முனை புகைவழிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். சூடு அந்த இரும்பு வழியாக டி.வி.க்கு வரும். துளையின் ஓரத்தில் கீறல் விட்டால் அந்த வழியாகப் புகையும், மேலே சொன்ன வாசனையில்லாத விஷமும் அறைக்குள் வரும். தவிர, நூறு வயதான சுண்ணாம்புக் காரையில் விரியும் போல்ட் பிடிப்பாக நிற்காது. இன்று இறுகும், சூடேறி ஆறி ஏறி ஆறி இரண்டு குளிர்காலத்தில் தளரும். 65 அங்குலம் என்றால் சுமார் 20 கிலோ எடை. விழுவது எங்கே என்று யோசியுங்கள். வயரிங்கும் அப்படித்தான்: சாதாரண பிவிசி வயர் 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும்படி செய்யப்பட்டது. சிம்னிச் சுவரைக் காடியெடுத்து வயரைப் புதைக்க எலக்ட்ரீஷியன் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கல் பலகையைப் பெயர்க்கும் யோசனை இதைவிட மோசம். சில வீடுகளில் அது வெறும் அலங்காரம். சில வீடுகளில் அந்தக் கல்லின் பின்பகுதி சுவருக்குள் போய் மேலே இருக்கும் செங்கல்லைத் தாங்கிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. சுத்தியல் எடுத்த பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை.

இங்கே இன்னொரு சங்கதி. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இரண்டு பேர் பெயரிலுள்ள வீட்டில் ஒருவர் மட்டும் முடிவெடுத்து நிலையான ஒன்றை இடித்தால் என்ன ஆகும் என்பதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். டி.வி. வாங்குவதும் நாற்காலியை நகர்த்துவதும் உங்கள் உரிமை, யாரையும் கேட்க வேண்டாம். கல்லைப் பெயர்ப்பதும், கணப்பை நிரந்தரமாக அடைப்பதும், சிம்னியை இறக்குவதும் அப்படியல்ல. பாதி வீடு அண்ணனுடையது என்றால் அந்தக் கல்லிலும் அவருக்குப் பங்கு உண்டு. "அவர் வருவதே வருடத்துக்கு ஒரு தடவைதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு தடவை வரும்போது அப்பா படத்தை மாட்டியிருந்த கல் பலகை இல்லையென்றால், சண்டை டி.வி.யைப் பற்றியதாக இருக்காது. செய்யத்தான் போகிறீர்கள் என்றால் என்ன செய்யப்போகிறோம் என்று படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் யோசனை, கல்லைத் தொடவே வேண்டாம்.

அப்படியானால் எங்கே?

இப்போது உங்கள் வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

எதிர்ச்சுவர், அதாவது மேற்கு: வராந்தாக் கதவு இருப்பதால் மிஞ்சும் இடம் குறைவு. அதைவிட, கணப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டி.வி. பார்க்க வேண்டும். முதுகுக்குச் சூடு இதமாக இருக்கும் என்பீர்கள். ஆனால் தீக்கொழுந்து முழுக்கத் திரையில் ஆடும். இருட்டுக் காட்சி வந்தால் கதாநாயகன் முகத்தில் உங்கள் விறகு எரியும். தவிர, கணப்பைச் சுற்றி உட்காரும் வழக்கமே போய்விடும்.

வடக்குச் சுவர்: நேர் எதிரே தெற்கு ஜன்னல். பகலில் திரை முழுக்கத் தேயிலைத் தோட்டம்தான் தெரியும். சாப்பாட்டு அறைக்குப் போகிறவர்கள் குறுக்கே நடந்துகொண்டே இருப்பார்கள். மாலை ஆறு மணிக்கு மேல்தான் டி.வி. போடுவோம், கனமான திரைச்சீலை இருக்கிறது என்றால் இது இரண்டாம் பட்சம்.

தென்கிழக்குக் குழிவு, வாஸ்துக்காரர் சொன்னது: வாஸ்து பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் இஷ்டம், அதில் தலையிட மாட்டேன். அக்னி மூலை என்பது சமையல் அடுப்புக்குச் சொன்னது. டி.வி. அக்னியா, வாயுவா, சரஸ்வதியா என்பதைப் பிற்காலத்தவர்கள் தங்கள் சௌகரியத்துக்குச் சொல்லிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த ஆட்சேபம் ஒன்றுதான்: ஜன்னல் ஒட்டினாற்போல இருப்பதால் பக்கவாட்டு வெளிச்சமும், சாரலும், பனிக்காற்றும் நேராக டி.வி. மேல் வரும். பிளக் பாயின்ட் அங்கே இருக்கிறது என்பதற்காக டி.வி.யை அங்கே வைக்க வேண்டாம். பிளக் பாயின்டை நகர்த்துவது அரை நாள் வேலை.

வடகிழக்குக் குழிவு: இதற்குத்தான் என் ஓட்டு. காரணத்தைச் சொல்கிறேன். சிம்னிச் சுவர் ஒன்றரை அடி முன்னால் நிற்பதால், குழிவுக்குள் இருக்கும் டி.வி. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நெருப்பின் கண்ணுக்கு அது தெரியாது, அதனால் நேரடிச் சூடு படாது. எழும் வெந்த காற்றும் கணப்புக்கு நேர் மேலேதான் போகும். ஜன்னல் தூரத்தில் பக்கவாட்டில் இருப்பதால் கண்கூச்சம் குறைவு. நெருப்பும் டி.வி.யும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், மாமியாரின் நாற்காலியைக் கொஞ்சம் வடக்கே திருப்பினாலே போதும், இரண்டும் கண்ணில் படும். அவர் இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. சோபாவை இப்போது இருக்கும் மேற்குப் பக்கத்திலேயே வைத்து, தெற்கு முனையில் ஒற்றை நாற்காலி இரண்டைக் குறுக்காகப் போடுங்கள். ஜன்னலுக்கு முதுகு, கண்ணுக்கு டி.வி., காலுக்குக் கணப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், உங்கள் பழைய பெட்டி டி.வி. இருபது வருடம் நின்றதாக வரைபடத்தில் புள்ளி வைத்திருக்கிறீர்களே, அது இதே மூலைதான். அந்தக் காலத்து டி.வி. இரண்டடி ஆழம், அதைச் சுவரில் மாட்டும் எண்ணமே யாருக்கும் வரவில்லை. மாமனார் கண்ணுக்கும் கழுத்துக்கும் ஒத்துவந்த இடத்தில் வைத்தார். தட்டை டி.வி. வந்த பிறகுதான் காலியாக இருக்கும் சுவரையெல்லாம் பார்த்து நமக்குக் கை துறுதுறுக்கிறது.

இந்த இடத்துக்கும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். குன்னூருக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்குப் பருவக்காற்றில் வருவது. உங்கள் கிழக்குச் சுவர் அதை நேரே வாங்கும். குழிவின் பின்சுவரில் ஈரம் ஊறும், சில வருடம் பூசணமும் பிடிக்கும். அதனால் சுவரில் மாட்டாதீர்கள். ஒன்றே கால் அடி ஆழமுள்ள, காலுள்ள ஒரு மர அலமாரியைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிப் போட்டு, அதன்மேல் டி.வி.யைக் காலில் நிறுத்துங்கள். திரையின் நடு தரையிலிருந்து மூன்றரை அடி வர வேண்டும். 55 அங்குலம் என்றால் அடிவிளிம்பு 2 அடி 4 அங்குலத்தில் இருந்தால் சரியாகிவிடும். பேரப்பிள்ளைகள் வந்தால் இழுத்துத் தள்ளாமல் இருக்க, டி.வி.யின் முதுகிலிருந்து பின்சுவருக்கு ஒரு நாடாப் பட்டி போட்டுக் கட்டுங்கள். அந்தச் சுவரில் புகைவழி இல்லை, சின்னத் திருகாணி தாராளமாக அடிக்கலாம். மழை மாதங்களில் யாரும் பார்க்காவிட்டாலும் தினமும் கொஞ்ச நேரம் டி.வி.யை ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது.

பிளக் பாயின்ட் இருக்கும் தென்கிழக்கு மூலையிலிருந்து கரண்டையும் டிஷ் கேபிளையும் கொண்டுவர, சிம்னிச் சுவரை ஒட்டிக் குறுக்கே வரக்கூடாது. ஜன்னல் சுவர், மேற்குச் சுவர், வடக்குச் சுவர் என்று அடிப்பட்டியை ஒட்டிச் சுற்றிக் கொண்டுவரட்டும். வயர் கூடும், பரவாயில்லை. அல்லது சாப்பாட்டு அறையிலிருந்து வடக்குச் சுவரில் ஒரு துளை போட்டு எடுத்தால் இன்னும் சுலபம். மலையில் இடிக்குப் பஞ்சமில்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இடி இடித்தால் கரண்ட் பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றுங்கள். கரிச்சட்டிக்குப் பதிலாக எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் வாங்குவதாக இருந்தால், 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனியாக 16 ஆம்பியர் பிளக். டி.வி. மாட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதைச் செருக வேண்டாம்.

65-ஆ 55-ஆ? மகன் சொல்வது முழுத் தப்பில்லை. 65 அங்குல டி.வி. 4 அடி 9 அங்குல அகலம், உங்கள் 6 அடிக் குழிவில் அடங்கும். 10 அடி தள்ளியிருக்கும் சோபாவுக்கு அது பொருத்தம். மாமியார் நாற்காலியிலிருந்து குழிவு ஏறக்குறைய 8 அடி வரும். அவருக்கு 55 தாராளம். அதிக நேரம் பார்ப்பவர் யார் என்று கேட்டால் விடை தெரிந்துவிடும். நான் 55 வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் சிம்னியைச் சுத்தம் செய்வேன்.

கணப்பு ஏன் புகைகிறது?

கணப்பை மூடும் பேச்சே புகையால் வந்தது என்பதால் இதையும் பார்த்துவிடுவோம். கடைசியாகச் சிம்னி எப்போது பெருக்கப்பட்டது என்று உங்களுக்கே நினைவில்லை. உள்ளே பறவைக் கூடு இருக்கும், அல்லது பிசுபிசுப்பான கரி படிந்து வழி குறுகியிருக்கும். அந்தக் கரி தானே தீப்பிடிக்கவும் கூடியது, வருடத்துக்கு ஒருமுறை மழை முடிந்ததும் பெருக்கியே ஆக வேண்டும். இரண்டாவது, விறகு. கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில் மரம்), போன மாதம் வெட்டியதை இந்த மாதம் எரித்தால் பாதி நெருப்பு அதன் தண்ணீரைக் காய்ச்சவே போய்விடும். பிளந்து, கூரைக்கடியில் காற்றாட அடுக்கி, ஒரு வருடமாவது காய்ந்த விறகு வேண்டும். நம் மலை ஈரத்தில் ஆறு மாதம் போதாது. மூன்றாவது, குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கிலும் துணி செருகிவிடுகிறோம். புகை மேலே போக வேண்டுமென்றால் கீழே காற்று வர வேண்டும். பற்றவைக்கும்போது ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். பழைய செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்துச் சிம்னி வாயில் ஒரு நிமிடம் காட்டுங்கள், உள்ளே உறைந்திருக்கும் குளிர்காற்று கிளம்பிவிடும். இந்த மூன்றும் செய்தும் புகைந்தால், புகைவழி வாய்க்குத் தகுந்த அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது புகைவழி இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு.

முன்னால் கம்பி வலைத் தடுப்பு ஒன்று அவசியம். சீகை வெடித்துத் தெறிக்கும். கம்பளம், அலமாரி, மாமியாரின் சால்வை எதுவும் தப்பாது. அப்படியும் ஒருநாள் கணப்பை மூடத்தான் வேண்டும் என்று இரண்டு சகோதரர்களும் முடிவெடுத்தால், செங்கல் வைத்து முழுக்க அடைக்கச் சொல்லாதீர்கள். உச்சியில் மழை இறங்காத மூடி, கீழே காற்று நுழைய ஒரு சல்லடை, இரண்டும் இருந்தால்தான் உள்ளே ஈரம் கோத்துச் சுவர் பாழாகாது.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை. மளிகைக் கடையில் பெரிய அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, 4 அடிக்கு 2 அடி 3 அங்குலம் ஒரு துண்டு, 4 அடி 9 அங்குலத்துக்கு 2 அடி 8 அங்குலம் ஒரு துண்டு வெட்டுங்கள். முதலாவது 55, இரண்டாவது 65. முதல் மூன்று நாள் பெரியதைக் கணப்புக்கு மேலே ஒட்டி, கணவரை மாமியாரின் நாற்காலியில் உட்கார்ந்து ராத்திரிச் செய்தி நேரம் முழுக்க அதையே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த மூன்று நாள் இரண்டையும் மாற்றி மாற்றி வடகிழக்குக் குழிவில் அலமாரி உயரத்தில் நிறுத்திப் பாருங்கள். யார் பக்கம் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். அட்டையைப் பேசவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் சிம்னி பெருக்க ஆள் சொல்லி வையுங்கள், சீசனில் கிடைக்க மாட்டார்கள்.